விமானம் ஏறும் முன் கையிலுள்ள காகிதத்தைப் பாருங்கள்!

(இராயபுரத்தில் ஜமாஅத்தாரும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் வழக்குரைஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மஹரைப் பற்றிப் பேசுங்கள், வரதட்சணையைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் என்னை வழக்கமாக அழைப்பார்கள். இன்று விசாவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பப் பிரச்சினையில் விசாவுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நம்முடைய ஊர் எப்படிப்பட்ட ஊர் என்பதை மறந்தவர்கள்தாம் அப்படி நினைப்பார்கள். 'ரஜூலா' கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன பாட்டனார்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலே இருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பயணம் முடிந்தது. ஆனால் சம்பந்தம் முடியவில்லை. பினாங்கில் பெண் எடுக்கிறோம், கிள்ளானுக்குப் பெண் கொடுக்கிறோம். துபாயிலும் தம்மாமிலும் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் பெண் பார்க்கிறோம். கப்பலில் போன காலத்தில் குடும்பம் முறிந்தால் அது இரண்டு குடும்பங்களின் வழக்கு. இன்றைக்கு அது இரண்டு அரசாங்கங்களின் வழக்கு.

ஒரு தகப்பனாரின் கதையிலிருந்து தொடங்குகிறேன். பெயர் வேண்டாம். திருவொற்றியூர்க்காரர். சிறிய இரும்புக் கடை வைத்திருப்பவர். தம் மகளைப் பினாங்கிலே கட்டிக்கொடுத்தார். பதினாறு ஆண்டு வாழ்க்கை, இரண்டு பிள்ளைகள். மருமகன் ஒருநாள் தலாக் சொல்லிவிட்டார். "இனி அங்கே ஒரு நிமிஷம்கூட இருக்காதே, புறப்பட்டு வா அம்மா" என்று தகப்பனார் போனில் சொல்லிவிட்டார். எந்தத் தகப்பன்தான் வேறு மாதிரி சொல்வான்? மகள் சின்னப் பிள்ளையோடு மூன்றாம் நாள் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினார். ஒரு மாதம் கழித்துத்தான் தகப்பனார் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார். "வக்கீல் சார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். ஏதோ விசா கேட்கிறார்கள்" என்கிறார்.

பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். சிவப்பு அட்டை. மலேசியப் பாஸ்போர்ட். அந்தச் சகோதரி ஐந்தாண்டுகளுக்கு முன்பே மலேசியக் குடியுரிமை பெற்றிருக்கிறார். தகப்பனாருக்கு அது பெருமையான செய்தியாக மட்டுமே தெரியும். அதன் மறுபக்கம் தெரியாது.

சகோதரர்களே, இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஓர் இந்தியர் தாமாக விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், அந்த நொடியே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. கணவன் தலாக் சொன்னதால் அது திரும்பி வராது. பிறந்தது இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி, படித்தது இந்த வீதி, ரேஷன் கார்டில் ஒரு காலத்தில் பெயர் இருந்தது என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்தப் பெண் இன்று வெளிநாட்டவர். சுற்றுலா விசாவில் தம் அத்தா வீட்டுக்கு வந்திருக்கிறார்! விசா முடிந்த பிறகும் தங்கினால் அது குற்றம். 2025 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின்படி அதற்கு மூன்றாண்டு வரை சிறையும் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இதைவிட வேதனை எது தெரியுமா? அவர் பினாங்கிலேயே இருந்திருக்கலாம். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அவர் அந்த நாட்டின் குடிமகள். மலேசிய அரசியலமைப்பின் 15ஆம் பிரிவின்படி மனைவி என்ற முறையில் பதிவுசெய்து பெற்ற குடியுரிமையை, திருமணமான நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் மணமுறிவு ஏற்பட்டால் அரசு பறிக்கலாம் என்று அங்கே 26ஆம் பிரிவு இருந்தது. அந்த இரண்டாண்டைக் குடியுரிமை பெற்ற நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று 2024இல் அந்நாட்டு நாடாளுமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் இந்தச் சகோதரி தப்பித்துவிட்டார். முழு உரிமையுள்ள நாட்டை விட்டுவிட்டு, சுற்றுலாப் பயணியாக நிற்க வேண்டிய நாட்டுக்கு அவசரப்பட்டு வந்துவிட்டார்.

இதற்கு நேர்மாறான நிலையில் இருக்கும் பெண்களும் உண்டு. அங்கே வாழ்க்கைப்பட்ட நம் பெண்களில் பலர் கணவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் நீண்டகாலச் சமூக வருகை அனுமதியில்தான் வாழ்கிறார்கள். 'சோஷியல் பாஸ்' என்று நம்மவர்கள் சொல்வது அதைத்தான். அதைப் புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் கணவர் உடன் வர வேண்டும். மணமுறிவு ஆனால் பாஸின் அடிப்படையே போய்விடுகிறது. இந்தப் பெண்ணுக்கு அங்கே தங்க உரிமை கிடைப்பது கடினம், ஆனால் இங்கே அவர் இந்தியர். விமானத்தை விட்டு இறங்கினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நடுவில் இன்னொரு வகை, நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்கள். சிங்கப்பூரில் இதை வைத்திருப்பவர் வெளிநாடு போனால், திரும்பி வருவதற்கான மறுநுழைவு அனுமதி செல்லுபடியாக இருக்க வேண்டும். ஊரிலே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும்போது அது காலாவதியானால், வசிப்புரிமையே கைநழுவிப் போகும் நிலை வரும்.

ஆகவே "தலாக் ஆகிவிட்டது, இனி என்ன?" என்று கேட்டு வருபவரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கையில் என்ன காகிதம் இருக்கிறது? பாஸா, வசிப்புரிமையா, குடியுரிமையா? அதைத் தெரிந்துகொள்ளாமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

புறப்படுவதற்கு முன் அங்கே முடிக்க வேண்டிய வேலையும் இருக்கிறது. மலேசியாவில் தலாக் என்பது ஷரீஅத் நீதிமன்றத்தின் அனுமதியோடு நடக்க வேண்டிய காரியம். கூட்டரசுப் பிரதேசத்துக்கான 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தின்படி நீதிமன்றத்துக்கு வெளியே தலாக் சொல்வது தண்டனைக்குரியது. சொல்லிவிட்டால் ஏழு நாட்களுக்குள் நீதிமன்றத்தில் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் இதைப் போன்ற சட்டம் இருக்கிறது. அதே நீதிமன்றத்தில் அந்தப் பெண் இத்தா காலச் செலவு கேட்கலாம், முத்ஆ கேட்கலாம். 'ஹர்த்தா செப்பென்சாரியான்' என்று அவர்கள் சொல்வார்கள், இல்லறத்தில் இருவருமாகத் தேடிய சொத்து, அதிலும் பங்கு கேட்கலாம். பதினாறு ஆண்டு நாசிக் கண்டார் கடையில் கல்லாவுக்குப் பக்கத்திலே நின்றவருக்கு அதில் உரிமை இல்லையா? மனு போட்டுவிட்டு வந்திருந்தால் வழக்கு நடந்துகொண்டிருக்கும். மனுவே போடாமல் திருவொற்றியூரில் உட்கார்ந்துகொண்டு பினாங்கு நீதிமன்றத்தில் வழக்கு நடத்துவது நம் வசதிக்கு ஆகிற காரியமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வளைகுடாவில் நடப்பது வேறு கதை

மலேசியாவிலாவது நீதிமன்றம், தீர்ப்பு என்று ஒரு முறை இருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பையன்கள் சிலர் தலாக்கே சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. மனைவியின் விசா கணவனுடைய பொறுப்பில் இருக்கிறது. "பிரசவத்துக்கு உம்மா வீட்டுக்குப் போய் வா" என்று ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் போதும். ஐக்கிய அரபு அமீரகத்தில் பொதுவாக ஆறு மாதம் தொடர்ந்து வெளியே இருந்தால் வசிப்பு விசா செத்துப்போகும். சவூதியில் வெளியேறித் திரும்பும் அனுமதியின் தேதி முடிந்தால் கதவு மூடிவிடும். கணவனே போய் ரத்து செய்துவிட்டாலும் அதுதான் நிலை. பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிகிறது, நூறு நாள் கழிகிறது, போன் வருவது குறைகிறது. ஒருநாள் விமான நிலையத்தில் நின்றுகொண்டு "உங்கள் விசா செல்லாது" என்று கேட்கிறாள் அந்தப் பெண். இவள் மனைவியா, விவாகரத்தானவளா? தலாக் சொன்னால்தானே சட்டம் பேசும்!

அமீரகத்தில் 2018இல் ஒரு நல்ல மாற்றம் வந்தது. விதவையானவருக்கும் மணமுறிவு பெற்றவருக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும், கணவரின் பொறுப்பில்லாமலே ஓராண்டு தங்க அனுமதி தரலாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த ஓராண்டில் வேலை தேடலாம், வழக்கு நடத்தலாம். ஆனால் அங்கே இருந்துகொண்டு கேட்பவருக்குத்தானே அது? பிரசவத்துக்கென்று ஊருக்கு அனுப்பப்பட்டவர் அதை எப்படிக் கேட்பார்?

குடியுரிமை பெற்றுவிட்டால் எல்லாம் உறுதி என்றும் எண்ணிவிட வேண்டாம். குவைத்தியரை மணந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்த ஆயிரக்கணக்கான பெண்களுடைய குடியுரிமை 2024 முதல் ரத்து செய்யப்பட்டது. குவைத்தும் இரட்டைக் குடியுரிமையை ஏற்காத நாடு. அதைப் பெறுவதற்காகத் தாய்நாட்டின் குடியுரிமையைத் துறந்தவர்கள் பலர். எந்த நாடும் இல்லாமல் நின்ற பெண்களைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதின.

அமெரிக்கா, இங்கிலாந்து போகும் கம்ப்யூட்டர் மாப்பிள்ளைகள் நம் பகுதியிலும் பெருகிவிட்டார்கள் என்பதால் அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் குடியுரிமையுள்ளவரையோ பச்சை அட்டைக்காரரையோ மணந்து, திருமணமாகி இரண்டாண்டு ஆவதற்கு முன் பச்சை அட்டை பெற்றால், அது இரண்டாண்டுக்கான நிபந்தனை அட்டை. இடையில் மணமுறிவு ஆனாலும், உண்மையான எண்ணத்தோடு செய்த திருமணம் என்று நிரூபித்துத் தனியாக மனுச் செய்ய வழி இருக்கிறது. இங்கிலாந்தில் மணமுறிவை உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். விசாவை 60 நாட்களாகச் சுருக்கிவிடுவது அங்கே வழக்கம். கொடுமைக்கு ஆளான மனைவிக்கு இரு நாடுகளிலும் தனிப் பாதுகாப்பு விதிகள் உண்டு. அங்கேயே ஒரு வழக்குரைஞரைப் பார்ப்பது நல்லது.

ஜமாஅத் கடிதம் எங்கே செல்லும்?

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மறுமணம் செய்யவும், பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை மாற்றவும், வெளிநாட்டுத் தூதரகத்தில் காட்டவும் மணமுறிவுக்குச் சான்று கேட்பார்கள். நாம் என்ன செய்கிறோம்? ஜமாஅத்தின் லெட்டர்பேடில் ஒரு கடிதம், அல்லது காஜியிடமிருந்து ஒரு சான்றிதழ். பதர் சயீத் அம்மையார் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2017 ஜனவரியில் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டது. தலாக்கைக் குறித்துக் காஜி தரும் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே, சட்டப்படியான சான்று ஆகாது. 1880ஆம் ஆண்டுக் காஜிகள் சட்டமே அவர்களுக்கு நீதி வழங்கும் அதிகாரம் தரவில்லை. 2023இல் அதே நீதிமன்றம் குலா விஷயத்திலும் சொன்னது. குலா கேட்பது பெண்ணின் உரிமை, ஆனால் அதற்குக் குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், தனியார் அமைப்புகள் தரும் சான்றிதழ் செல்லாது. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கோ 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது, மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அந்தச் சட்டத்தைப் பற்றி நமக்கு மனத்தாங்கல் இருக்கலாம், இருக்கிறது. ஆனால் விளைவு என்ன? துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் தலாக் அனுப்பியவன் தான் விடுபட்டுவிட்டதாக எண்ணிக்கொள்கிறான். இங்கே சட்டத்தின் கண்ணில் அவள் இன்னும் மனைவி. இரண்டு பக்கமும் இல்லாமல் மாட்டிக்கொள்வது அந்தப் பெண்தான்.

வழி இல்லாமல் இல்லை. குடும்ப நீதிமன்றத்தில் திருமண நிலை குறித்து விளம்புகைத் தீர்ப்புப் பெறலாம். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி, இரண்டாண்டு செலவுக்குக் கொடுக்காத கணவனிடமிருந்தும், நான்காண்டு இருப்பிடமே தெரியாத கணவனிடமிருந்தும் பெண் விடுதலை பெறலாம். சென்னைக் குடும்ப நீதிமன்றம் உயர்நீதிமன்ற வளாகத்திலேதான் இருக்கிறது. இராயபுரத்திலிருந்து பாரிமுனை எவ்வளவு தூரம்? பர்மா பஜாருக்குப் போகிற நேரம்தான்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நிக்காஹ் தஃப்தரில் கையெழுத்து வாங்கியதோடு நிறுத்திக்கொள்கிறோம். 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லா மதத்தவர் திருமணத்தையும் 90 நாட்களுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். பதியாத திருமணத்தின் முறிவை வெளிநாட்டில் எப்படி நிரூபிப்பது? வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் அவருடைய பாஸ்போர்ட், விசா, வேலைச் சான்று ஆகியவற்றின் நகலை ஜமாஅத் வாங்கிக் கோப்பில் வைக்கட்டும். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பிரியாணிக்கு எத்தனை தேக்சா என்று மூன்று முறை கேட்டு உறுதி செய்கிறோமே!

ஆண்களுக்கும் இது பொருந்தும்

இளைஞர்கள் இதைப் பெண்களின் பிரச்சினை என்று நினைத்துக் கொட்டாவி விடுகிறீர்கள். உங்களுக்கும் இருக்கிறது. மலேசியப் பெண்ணை மணந்து அங்கே கடை போடும் கனவு நம் பையன்கள் பலருக்கு உண்டு. அந்நாட்டு அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு குடிமகனுடைய மனைவிக்குத்தான் பதிவு உரிமை தருகிறது, குடிமகளுடைய கணவனுக்கு இல்லை. கணவன் இயற்குடியாக்கம் என்ற நீண்ட வழியில்தான் போக வேண்டும். அதுவரை அவனும் மனைவி கையெழுத்திடும் பாஸில் இருப்பவன்தான். கடை மனைவி பேரில், லைசென்ஸ் மனைவி பேரில், முதல் மட்டும் மண்ணடியில் வாப்பா விற்ற மனைப் பணம். மணமுறிவு ஆனால் என்ன மிஞ்சும்? போட்ட பணத்துக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால் அது மிஞ்சும். இல்லையேல் ஒரு டிக்கெட் மிஞ்சும். சந்தேகப்பட்டு எழுதச் சொல்லவில்லை. கடனை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது.

நம் ஊருக்கு மருமகளாக வந்திருக்கும் இலங்கை, மலேசியச் சகோதரிகளையும் நினைக்க வேண்டும். இந்தியரின் மனைவி என்ற முறையில் பெற்ற ஓ.சி.ஐ. அட்டை இருந்தால், மணமுறிவு ஆனதும் குடியுரிமைச் சட்டத்தின் 7டி பிரிவின்படி அரசு அதை ரத்து செய்யலாம். நம் பெண்ணுக்கு அங்கே நடந்தால் கொதிக்கிறோம். நம் பையன் இங்கே ஒரு பெண்ணைத் தள்ளிவிடும்போது அவளுடைய விசா என்னவாகும் என்று எந்தப் பஞ்சாயத்திலாவது கேட்டிருக்கிறோமா? நான் உட்கார்ந்த பஞ்சாயத்துகளில் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால், அந்த நாட்டில் அது குழந்தைக் கடத்தலாகப் பதிவாகலாம். குழந்தைக் கடத்தலைப் பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சிங்கப்பூரும் இலங்கையும் சேர்ந்திருக்கின்றன, இந்தியா சேரவில்லை. நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டு நீதிமன்றத்தின் உத்தரவைவிடக் குழந்தையின் நலமே முதன்மை என்றது. அது தாய்மாருக்குப் பலம். ஆனால் அந்தத் தாய் மறுபடி அந்த நாட்டில் கால் வைக்கப் பயப்பட வேண்டியிருக்கும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை வேண்டுமானால், அந்நாட்டுப் பாஸ்போர்ட் எடுக்காமல், ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

உதவிக்கு இடங்கள் உண்டு. தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டு இந்தியர் திருமணப் புகார்களுக்கென்றே 2009 முதல் தனிப்பிரிவு இயங்குகிறது. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியலாம். கைவிடப்பட்ட பெண்களின் வழக்குச் செலவுக்குத் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி கேட்கலாம்.

திருவொற்றியூர்த் தகப்பனாரின் மகள் என்ன ஆனார் என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் சைகையால் கேட்கிறார். சொல்கிறேன். விசா முடிய ஒன்பது நாள் இருக்கும்போது அவரைப் பினாங்குக்கே திருப்பி அனுப்பினோம். தகப்பனார் ஒப்பவில்லை. "தலாக் சொன்னவன் ஊருக்கு மறுபடியும் அனுப்பச் சொல்கிறீர்களே" என்று என் அலுவலகத்திலே அழுதார். "அவன் ஊருக்கு இல்லை காக்கா, உங்கள் மகளுடைய ஊருக்கு" என்றேன். மூத்த பிள்ளையும் அங்கேதான் இருந்தது. அங்கே ஷரீஅத் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். முன்னாள் இந்தியக் குடிமகள் என்ற முறையில் கோலாலம்பூர் இந்திய ஹை கமிஷனில் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பித்தார். இது கணவரை வைத்துக் கிடைப்பதல்ல, அவருடைய சொந்தப் பிறப்புரிமையில் கிடைப்பது. எந்தத் தலாக்கும் அதைத் தொட முடியாது. அந்த அட்டையோடு இங்கே வந்து பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வசித்தால், முன்பு இந்தியராக இருந்தவர் என்ற முறையில் 5ஆம் பிரிவின்படி மறுபடி இந்தியக் குடியுரிமை கேட்கலாம். அப்போது மலேசியக் குடியுரிமையை விட வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்று அவரே முடிவு செய்யட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அட்டை வந்துவிட்டது. வழக்கு நடக்கிறது. சென்ற மாதம் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்திருந்தார். கடையில் தகப்பனாருக்குப் பக்கத்திலே அமர்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

அஸருக்குப் பிறகு கீழே அலுவலக அறையில் இருப்பேன். யார் வீட்டிலாவது இப்படி ஒரு காகிதம் இருந்தால், நகல் அல்ல, அசலையே எடுத்து வாருங்கள்.